சத்திர சிகிச்சைக் கூடத்திலே படக்கருவி

உடலைத் திறவாமலே உள்ளிருப்பதைக் காட்டும் எக்ஸ் கதிரை ஜேர்மன் அறிஞர் றொன்ட்ஜன் 1895 ஆம் ஆண்டிற் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டிலேயே, கையில் ஏறிய ஊசியையும் உடலிற் பாய்ந்த குண்டையும் தேடுவதற்குச் சத்திர வைத்தியர்கள் அதனைத் துணைக்கொண்டனர். ஆயினும், நெடுங்காலமாகப் படம் எடுப்பது ஓர் அறையிலும் சத்திர சிகிச்சை வேறோர் அறையிலும் நிகழ்வதே பெருவழக்காயிருந்தது. முன்பு எடுத்த படத்தை மனத்தில் இருத்தியே வைத்தியர் கத்தியைக் கையிலெடுப்பார்.

மூளையில் வளர்ந்த கட்டிக்கு இது போதாது. மூளை மண்டையோட்டினுள்ளே நீராற் சூழப்பட்டிருக்கிறது. மண்டையோட்டைத் திறந்ததும் அந்நீரில் ஒரு பகுதி வடிந்துவிடும். குளத்து நீர் குறையத் தோணி தாழ்வதுபோல மூளையும் தாழும். கட்டியை வெட்ட வெட்ட மேலும் இடம் பெயரும். சில வேளைகளில் இப்பெயர்ச்சி ஒரு சென்ரிமீற்றரையும் கடக்கும். ஆகவே காலையில் எடுத்த படம் நண்பகலிற் பொய்த்துவிடும். கட்டியின் விளிம்போ கண்ணுக்கு நல்ல மூளையைப் போலவே தோன்றும். குறைத்து வெட்டினால் எஞ்சிய கட்டி மீண்டும் வளரும். மிகுத்து வெட்டினால் நோயாளி பேச்சையோ கையசைவையோ இழக்க நேரும்.

இதற்கு வழிகாண, அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிலுள்ள பிரிகாம் அன்ட் விமின்ஸ் வைத்தியசாலையில், 1994 ஆம் ஆண்டில், காந்தப் படக்கருவியையே சத்திர சிகிச்சைக் கூடத்தில் நிறுவினர். எம்.ஆர்.ஐ. என நாம் அறிந்த கருவியின் ஒருவகையே அது. இரு பெரும் வளையங்கள். அவற்றின் நடுவே 56 சென்ரிமீற்றர் இடைவெளி. அவ்விடைவெளியில் நின்றபடியே வைத்தியர் தொழில் செய்வார். ஐயம் எழுந்தால் கத்தியை நிறுத்திப் புதிய படத்தைப் பார்த்துக்கொள்வார்.

இதிலும் இடர்கள் உண்டு. காந்தத்தின் அருகே கொண்டுசென்ற இரும்புக் கருவி அம்புபோற் பாயும். ஆதலால் கத்தி, கத்தரிக்கோல் முதலியவற்றைத் தைத்தேனியம் போன்ற, காந்தம் இழுக்காத பொருள்களாற் செய்தல் வேண்டும். செலவும் பெரிது, ஒவ்வொரு படமும் நோயாளி மயக்கத்திலிருக்கும் நேரத்தை நீட்டும்.

பயன் உண்டா? ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகரில் நடத்தப்பட்டு, 2011 இல் முடிவு வெளியான ஓர் ஆய்வு விடை தருகிறது. இத்துணையோடு சிகிச்சை பெற்ற 24 பேரில் 23 பேருக்கும், அஃதின்றிச் சிகிச்சை பெற்ற 25 பேரில் 17 பேருக்கும், படத்திற் புலப்படும் கட்டி முழுவதும் அகற்றப்பட்டிருந்தது.

எனினும் நேயர்களே, எஞ்சிய கட்டி எங்குள்ளது என்பதையே படம் கூறும். அதனை வெட்டுவதா, பேச்சைக் காக்கும்பொருட்டு விட்டுவிடுவதா என்பதை வைத்தியரே தீர்மானித்தல் வேண்டும்.