தலைக்கவசமும் தனிமனித சுதந்திரமும்

ஒருவன் தன் உயிரைத் தானே ஆபத்துக்குள்ளாக்க விரும்பின், அவனைத் தடுக்கும் உரிமை அரசாங்கத்துக்கு உண்டா? தத்துவ நூல்களுக்கே உரியதென எண்ணத்தக்க இவ்வினா, சென்ற நூற்றாண்டிலே வீதிக்கு வந்தது, நீதிமன்றம் ஏறியது, சிறைச்சாலைக்குள்ளும் புகுந்தது. அதற்குக் காரணமாயமைந்தது மோட்டார்ச் சைக்கிள் ஓட்டுவோர் தலையில் அணியும் கவசம்.

இக்கவசத்தின் வரலாறு ஒரு மரணத்துடன் தொடர்புடையது. முதலாம் உலக மகாயுத்தத்தில் அரேபியரின் கிளர்ச்சியிற் பங்கெடுத்துப் புகழ்பெற்ற ரி. ஈ. லோறன்ஸ், 1935ஆம் ஆண்டு மே மாதம் 13ஆந் திகதி, இங்கிலாந்தின் டோர்செற் பகுதியில் மோட்டார்ச் சைக்கிளிற் சென்றுகொண்டிருந்தார். எதிர்ப்பட்ட இரு சைக்கிள் ஓட்டிகளைத் தவிர்க்க முயன்று தூக்கியெறியப்பட்டார். தலையிற் கவசம் இல்லை. ஆறு நாட்கள் நினைவிழந்து கிடந்து உயிர் நீத்தார். அவரைப் பார்வையிட அழைக்கப்பெற்ற வைத்தியர்களுள் ஒருவர் ஹியூ கெயர்ன்ஸ் என்னும் மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர்.

அவுஸ்திரேலியாவிற் பிறந்து ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராய் விளங்கிய கெயர்ன்ஸ், பின்னர் இவ்விடயத்தை முறைப்படி ஆராய்ந்தார். இரண்டாம் உலக யுத்தத்தின் முதல் 21 மாதங்களிற் பிரித்தானிய வீதிகளில் மோட்டார்ச் சைக்கிளிற் சென்ற 2,279 பேர் விபத்தில் மாண்டனர். யுத்தகாலத்து இருட்டடிப்பில் வீதிகளின் நிலை அத்தகையது. மாண்டோரிற் பெரும்பாலோரின் உயிரைக் குடித்தது தலையில் ஏற்பட்ட காயமே என்பதையும், கவசம் அணிந்தோர் அடிபட்டும் உயிர் தப்பியதையும் 1941இல் கெயர்ன்ஸ் எடுத்துக்காட்டினார். அதே ஆண்டு நவம்பரில் பிரித்தானிய இராணுவம், கடமையில் மோட்டார்ச் சைக்கிள் ஓட்டும் வீரர் யாவரும் கவசம் அணிதல் வேண்டுமெனக் கட்டளையிட்டது.

கவசம் காக்கும் விதத்தையும் அறிதல் நன்று. வண்டியிலிருந்து வீழ்பவனின் மண்டையோடு தரையில் மோதித் திடீரென நிற்கின்றது. உள்ளே இருக்கும் மூளையோ முன்னைய வேகத்துடன் சென்று ஓட்டின் உட்சுவரில் மோதுகின்றது. கவசத்தின் கடினமான புறவோடு அடியைப் பரந்த இடத்திற்குப் பகிர்ந்தளிக்கின்றது. அதன் உட்புறத்து நுரைப்படை நசுங்கி, தலை நிற்பதற்கு எடுக்கும் நேரத்தைச் சற்றே நீட்டுகின்றது. நொடியிலும் மிகச் சிறிய அந்த அவகாசமே வாழ்வுக்கும் சாவுக்கும் இடைப்பட்ட தூரம். பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2008இல் வெளிவந்த மதிப்பீடொன்று, கவசம் மரண அபாயத்தை 42 வீதமும் தலைக்காய அபாயத்தை 69 வீதமும் குறைக்கின்றது எனக் கண்டது.

எனவே, கவசம் பயன் தருமா என்பதில் இன்று ஐயமில்லை. பயன் தருவதை அணியுமாறு கட்டாயப்படுத்தலாமா என்பதே வழக்கு. 1859இல் 'சுதந்திரம்' பற்றிப் புகழ்பெற்ற நூலை எழுதிய ஜோன் ஸ்ருவட் மில், பிறருக்குத் தீங்கு நேராமற் காப்பதற்கன்றி, ஒருவனின் சொந்த நன்மைக்காக அவனை வற்புறுத்துதல் தகாது என்றார். 1973 ஜூன் மாதத்திற் பிரித்தானியாவிற் கவசம் கட்டாயமாக்கப்பட்டபோது எதிர்த்தோர் இக்கொள்கையையே ஆதாரமாகக் கொண்டனர். அவர்களுள் பிரெட் ஹில் என்னும் முதியவர் தொப்பி அணிந்தே வண்டியோட்டினார்; விதித்த அபராதத்தைச் செலுத்த மறுத்தார்; பலமுறை சிறை சென்றார். 1984இல், தமது 74ஆவது வயதில், சிறைக்கைதியாகவே இறந்தார். அவரது முடிவு சரியன்று எனக் கருதுவோரும், அவர் விளையாட்டுக்காக வாதாடவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஐக்கிய அமெரிக்காவில் இப்பிணக்கு நீண்டகாலம் நடந்தது. 1966ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், கவசத்தைக் கட்டாயமாக்காத மாநிலங்கள் மத்திய அரசின் பெருந்தெரு நிதியிற் பங்கை இழக்கும் நிலை ஏற்பட்டது. ஆதலின் 1975க்குள் மூன்று மாநிலங்கள் ஒழிந்த ஏனையவை யாவும் சட்டம் இயற்றின. ஆனால் 1976இல் நாடாளுமன்றம் அந்த நெருக்குதலை அகற்றியதும், சில ஆண்டுகளுக்குள் இருபதுக்கு மேற்பட்ட மாநிலங்கள் சட்டத்தை நீக்கின. அல்லது இளவயதினருக்கு மட்டும் உரியதாக்கின. புளோரிடா 2000இல் புதியதொரு வழியை வகுத்தது: 21 வயது நிரம்பி, 10,000 டொலருக்குக் குறையாத வைத்தியக் காப்புறுதி உடையோர் கவசமின்றிச் செல்லலாம். சுதந்திரத்துக்கு விலை குறிக்கப்பட்டது எனலாம். ஆனால் மூளை சிதைந்த ஒருவனின் வைத்தியச் செலவுக்கு அத்தொகை எவ்வளவு காலம் ஈடுகொடுக்கும்?

நீதிமன்றங்களும் ஒரே குரலிற் பேசவில்லை. தன்னை மட்டுமே பாதிக்கும் செயலில் அரசுக்கு இடமில்லை என்று மிச்சிகன் மேன்முறையீட்டு நீதிமன்றம் 1968இல் சட்டத்தைத் தள்ளியது. மசச்சூசெற்ஸ் மாநில வழக்கில் 1972இல் தீர்ப்பளித்த நீதிபதிகளோ மாறாகக் கண்டனர். வீழ்ந்தவனை வீதியிலிருந்து எடுப்பது சமுதாயம். வைத்தியசாலையிற் சேர்ப்பது சமுதாயம். அவன் தொழிலிழந்தாற் குடும்பத்தைத் தாங்குவதும் சமுதாயமே. அவ்வாறிருக்க, அந்த அபாயம் அவனுடையது மட்டுமே என்பது எங்ஙனம் பொருந்தும் என்பது அவர்கள் எண்ணம். நாட்டின் உயர்ந்த நீதிமன்றமும் அத்தீர்ப்பை உறுதிப்படுத்தியது.

மில் என்னும் அறிஞரும், தன்னைத்தான் கெடுத்துக்கொள்பவன் அதனாற் பிறர்பாலுள்ள தெளிவான கடமையிலிருந்து வழுவுவானாயின், அவன் செயல் அவனை மட்டும் சார்ந்ததன்று என ஏற்றுக்கொண்டவரே. ஆயினும் செலவு என்னும் ஒரே நியாயத்தை அளவின்றி நீட்டினால், மலையேறுவதும் புகைபிடிப்பதும் இனிப்புண்பதும் தடைக்குள்ளாகும். ஆகவே, தடுக்கப்படும் தீங்கு எவ்வளவு பெரிது, சுமத்தப்படும் பாரம் எவ்வளவு சிறிது என்று இரண்டையும் ஒருங்கே நிறுக்க வேண்டும். தலையில் ஓர் ஓட்டை அணிவது சிறு பாரம். மீளாத மூளைச் சிதைவு பெருந் தீங்கு. பாரம் மனச்சாட்சியைத் தொடும்போதோ நிறை மாறுகின்றது. தலைப்பாகை அணியும் சீக்கியருக்குப் பிரித்தானியப் பாராளுமன்றம் 1976இல் விலக்களித்தது இதனாலன்றோ?

காற்றுத் தலைமயிரைக் கோத வண்டியோட்டும் இன்பம் பொய்யன்று; அதை இழப்பவனின் முறைப்பாடும் அற்பமன்று. எனினும், தெரிவு செய்யும் உரிமை தெரிவு செய்ய வல்ல மூளையை உடையவனுக்கே பயன்படும். ஆதலின் இச்சட்டம் சுதந்திரத்தைச் சிறிது குறைத்து, அச்சுதந்திரத்தை நாளையும் அனுபவிக்கத்தக்க மனிதனைக் காக்கின்றது. அவ்வளவே அதன் நியாயம். அதற்கு மேலும் கேட்க முற்படும் சட்டம், தன் நியாயத்தை வேறாக நிலைநாட்டல் வேண்டும்.