புதினாவும் ஒரு வாளித் தண்ணீரும்

குருமாவுக்குக் கிள்ளியது போக மிஞ்சிய புதினாக் காம்பை டம்ளர் தண்ணீரில் போட்டு ஜன்னலோரம் வைத்தால், பத்து நாளில் கணுவிலிருந்து வெள்ளை வேர் விட்டிருக்கும். இன்னும் சில வாரம் விட்டால் இலை வெளுத்து வளர்ச்சி நின்றுபோகும். வேர் விடத் தண்ணீர் போதும்; வளரச் சாப்பாடு வேண்டும்.

இதே புதினா இனத்தை வைத்துத்தான் இங்கிலாந்தில் ஜான் உட்வர்ட் 1699இல் ஒரு சோதனை செய்தார். மழைநீர், தேம்ஸ் ஆற்று நீர், தோட்ட மண் கரைத்த நீர் எனத் தனித்தனியே வளர்த்து எடை போட்டார். தெளிந்த மழைநீரில் வளர்ந்ததைவிட மண் கரைத்த நீரில் வளர்ந்த செடி நன்றாகத் தேறியது. மண்ணிலிருந்து தண்ணீருக்கு வந்த அந்தப் பொருள் சில உப்புகள்தான் என்பதை 1860களில் ஜெர்மனியின் சாக்ஸ், நோப் இருவரும் உறுதி செய்தார்கள். உப்புகளை அளந்து கரைத்து, மண்ணே இல்லாமல் செடியை முழுதாக வளர்த்துக் காட்டினார்கள். கலிபோர்னியாவின் கெரிக் 1930களில் அப்படியே தக்காளி விளைவித்து, அதற்கு ஹைட்ரோபோனிக்ஸ் என்ற பெயரையும் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். நம்மூரில் மண்ணில்லா விவசாயம் என்கிறோம்.

இந்தியாவுக்கும் இது புதிதல்ல. 1940களின் பின்பாதியில் வங்காளத்துக் கலிம்போங்கில் ஷோல்டோ டக்ளஸ் என்பவர் சரளையும் மணலும் நிரப்பிய தொட்டிகளில், பம்பு இல்லாமல், கையால் உரம் தூவித் தண்ணீர் தெளித்துக் காய்கறி விளைவித்தார். 1951இல் அவர் எழுதிய புத்தகத்தால் அது ‘வங்காள முறை’ என்று பெயர் பெற்றது.

மண் சும்மா கிடப்பதில்லை. செடியைத் தாங்குகிறது, ஈரத்தையும் சத்தையும் சேர்த்து வைக்கிறது, வேருக்குக் காற்று விடுகிறது. நாம் உரத்தைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்துப் போட்டாலும் பொறுத்துக்கொள்கிறது. மண்ணை எடுத்துவிட்டால் அத்தனை வேலையும் நம் தலையில். இந்த விவசாயத்தின் முழுச் சூத்திரமும் அவ்வளவுதான்.

முதல் வேலை தண்ணீரைப் பார்ப்பது. ஆரணிப் பட்டு வட்டாரத்துச் சந்தவாசலில் அதைச் சொல்லித் தரவே வேண்டாம். இங்கே நூலுக்குப் பசை எடுக்கிறவர்களும் சாயம் தோய்க்கிறவர்களும் தண்ணீரின் குணம் தெரிந்தவர்கள். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் திரிந்துபோகும். செடிக்கும் அதே கணக்கு. ஆழ்துளைக் கிணற்று நீரில் ஏற்கெனவே உப்பு ஏறியிருந்தால், மேலே சத்துக் கரைக்க இடமிருக்காது. விலை மலிவான டிடிஎஸ் மீட்டர் ஒன்று அதைக் காட்டிவிடும். 2003இல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. மாடியில் விழும் அந்த மழைநீர்தான் இதற்கு முதல்தரம்.

அடுத்தது உரம். சொட்டுநீர் போடும் விவசாயிகள் கரைக்கும் 19:19:19 உரத்தில் தழை, மணி, சாம்பல் மூன்றும் உண்டு. சுண்ணாம்புச் சத்து இல்லை. அதனால் கால்சியம் நைட்ரேட் தனியாக வேண்டும், மெக்னீசியம் சல்பேட்டும் நுண்சத்துகளும் வேண்டும். கால்சியம் நைட்ரேட்டையும் மெக்னீசியம் சல்பேட்டையும் கெட்டியாகக் கரைத்து ஒன்றில் ஒன்று ஊற்றிப் பாருங்கள்: பால்போல் வெளுத்து, அடியில் மாவாகப் படியும். படிந்தது ஜிப்சம், இனி வேருக்குப் பயன்படாது. கடையில் ‘ஏ’, ‘பி’ என்று இரண்டு பாட்டிலாக விற்பது இதனால்தான். ஒன்றை வாளி நிறையத் தண்ணீரில் கலக்கிய பிறகே மற்றதை ஊற்ற வேண்டும். கரைசலின் பிஎச் 5.5 முதல் 6.5 வரை இருக்கட்டும். அதற்கு மேலே போனால் தண்ணீரில் இரும்பு இருந்தும் வேர் எடுக்காது, துளிர் மஞ்சளாகும்.

தொடங்குவதற்கு மோட்டார் தேவையில்லை. ஹவாய் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் கிராட்கி பரப்பிய முறைக்கு ஒரு வாளி போதும். வெளிச்சம் புகாத வாளி, மூடியில் ஓட்டை, ஓட்டையில் வலைக்கிண்ணம், கிண்ணத்தில் தேங்காய் நார்க்கழிவு. கரைசல் கிண்ணத்தின் அடியைத் தொடும்படி நிரப்பி, நாற்றை வைத்துவிட வேண்டும். செடி குடிக்கக் குடிக்கத் தண்ணீர் இறங்கும். மேலே வெளிப்படும் வேர் காற்றை உறிஞ்சும், கீழே மூழ்கிய வேர் சத்தை எடுக்கும். இறங்கிய தண்ணீரை மறுபடி விளிம்பு வரை நிரப்பினால் காற்றுக்குப் பழகிய வேர் மூச்சுமுட்டும். மின்சாரம் போனாலும் இதற்குக் கவலையில்லை. பொள்ளாச்சிப் பக்கமிருந்து உலகப் பசுமைக்குடில்களுக்குக் கப்பலேறும் நார்க்கழிவைத்தான் நாமும் போடுகிறோம். உப்புப் போக இரண்டு மூன்று முறை அலசிக்கொள்ள வேண்டும்.

பசுமைக்குடில் என்றதும் பிளாஸ்டிக் தாளால் மூடிய கூண்டு நினைவுக்கு வரும். அது குளிர் நாட்டுக்காரர்கள் சூட்டைப் பிடித்து வைக்கக் கட்டியது. கத்திரி வெயிலில் நமக்கு வேண்டியது சூட்டை விரட்டும் குடில்: மேலே பாதி வெயிலை மறைக்கும் பச்சை நிழல்வலை, பக்கமெல்லாம் காற்று. ஐப்பசி மழை வாளிக்குள் விழுந்து சத்தை நீர்க்கச் செய்யாதபடி ஒரு சரிவுத் தகடும் வேண்டும். வாளியைச் சுற்றி ஈரச் சாக்கு போடுவது நல்லது. தண்ணீர் 20 டிகிரியில் இருக்கும்போது லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். 30 டிகிரியில் ஏழரைதான். சூடான தண்ணீரில் வெள்ளை வேர் பழுப்பாகி வழவழக்கும். அது வேரழுகலின் முதல் அறிகுறி.

எதை வைக்கலாம்? புதினா, பசலை, சிறுகீரை, வல்லாரை தாராளமாக வரும். கொத்தமல்லி விதையை இரண்டாக உடைத்து ஊறவைத்து விதைக்க வேண்டும். கோடையில் சீக்கிரம் பூத்துவிடும், கார்த்திகை மார்கழியில் நன்றாக வரும். தக்காளி, மிளகாய்க்குப் பெரிய வாளியும் அடர்ந்த கரைசலும் தேவை. நெல்லுக்கும் கிழங்குக்கும் இது கட்டுப்படியாகாது. சந்தையில் மலிவாய்க் கிடைக்கும் கீரைக் கட்டோடு விலையில் போட்டி போடவும் முடியாது. மாடியில் நாலடி இடமும் காலையில் ஐந்து நிமிடமும் உள்ள வீட்டுக்கு, மருந்தடிக்காத இலை அன்றன்றைக்குக் கிடைக்கும் என்பதே இதன் லாபம்.

குழாய், பம்பு என்று ஆயிரக்கணக்கில் செலவழிக்குமுன் ஒரு வாளி, ஒரு புதினாக் காம்பு வைத்து நாற்பது நாள் பாருங்கள். வேர் வெள்ளையாகவே இருந்தால் இரண்டாவது வாளி வாங்கலாம்.