கைகூடாத சட்டம், கைகொடுக்கும் தீர்ப்புகள்

புதுதில்லி: இனிச் சேர்ந்து வாழ வழியே இல்லை என்ற அளவுக்கு முறிந்துபோன திருமண உறவிலிருந்து, கணவன், மனைவி இருவரில் ஒருவர் மட்டும் விலக விரும்பினால் என்ன செய்வது? சட்ட ஆணையம் 1978-ஆம் ஆண்டிலேயே இக்கேள்விக்கு விடை கூறிவிட்டது. நாடாளுமன்றம்தான் இன்னும் கூறவில்லை.

இந்து திருமணச் சட்டப்படி (1955), ஒருவர் மட்டும் விவாகரத்து கோரினால் கொடுமை, இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாமல் கைவிடுதல், பிறருடன் தகாத உறவு போன்ற காரணங்களுள் ஒன்றை நிரூபித்தாக வேண்டும். உறவு முறிந்துவிட்டது என்பதையே தனிக் காரணமாக்கலாம் எனச் சட்ட ஆணையம் தனது 71-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. இதற்காக 1981-இல் கொண்டுவரப்பட்ட மசோதா நிறைவேறவில்லை. ஆணையம் 2009-இல் மீண்டும் வலியுறுத்தியது.

அடுத்த ஆண்டு மாநிலங்களவையில் புதிய மசோதா அறிமுகமானது. மூன்று ஆண்டுகள் பிரிந்து வாழ்ந்திருந்தால் விவாகரத்து கோரலாம். கடும் பண நெருக்கடிக்கு ஆளாக நேரிடும் என்றால் மனைவி அதை எதிர்க்கலாம் என்பவை அதன் முக்கிய அம்சங்கள். பெண்கள் நிர்க்கதியாக விடப்படுவர் என ஒரு தரப்பும், கணவரின் சொத்தில் மனைவிக்குப் பங்கு வழங்குவது அநீதி என மறுதரப்பும் வாதிட்டன. 2013 ஆகஸ்டில் மாநிலங்களவை ஒப்புதல் அளித்தது. மக்களவையில் நிறைவேறும் முன்பே, 2014 மே மாதம் 15-ஆவது மக்களவை கலைக்கப்பட்டதால் மசோதா காலாவதியானது.

அந்த இடைவெளியை உச்ச நீதிமன்றம் ஓரளவு நிரப்பியுள்ளது. அரசியல் சட்டத்தின் 142-ஆவது பிரிவைப் பயன்படுத்தி, ஒரு தரப்பு எதிர்த்தாலும், மீளமுடியாதபடி முறிந்த திருமணத்தை ரத்து செய்யலாம் என ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு 2023 மே 1-ஆம் தேதி தீர்ப்பளித்தது. எனினும், இதை யாரும் உரிமையாகக் கோர முடியாது. இதற்காக நேரடியாக ரிட் மனு தாக்கல் செய்யவும் இயலாது. குடும்ப நல நீதிமன்றத்துக்கோ உயர் நீதிமன்றத்துக்கோ 142-ஆவது பிரிவின் அதிகாரம் கிடையாது.

பரஸ்பர சம்மதம்: இருவரும் ஒப்புக்கொண்டால் வழி எளிது. ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். முதல் மனுவுக்குப் பின் ஆறு மாதக் காத்திருப்பு உண்டு. சமரச முயற்சி தோற்று, ஜீவனாம்சமும் குழந்தைகளின் பொறுப்பும் முடிவாகி, பிரிந்து ஒன்றரை ஆண்டு கடந்திருந்தால், அந்த ஆறு மாதத்தை நீதிமன்றம் தளர்த்தலாம் என 2017-இல் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. இறுதி உத்தரவுக்கு முன் ஒருவர் சம்மதத்தைத் திரும்பப் பெற்றால், இவ்வழி அடைபடும்.

வழக்கு தொடுக்கும் இடம்: 2003-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, மனைவி தாம் தற்போது வசிக்கும் ஊரின் நீதிமன்றத்திலேயே மனு செய்யலாம். கணவரின் ஊருக்கு அலைய வேண்டியதில்லை.

ஜீவனாம்சம்: எம்மதத்தைச் சேர்ந்த மனைவியும் பயன்படுத்தி வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவுக்குப் பதிலாக, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆவது பிரிவு நடைமுறையில் உள்ளது. இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். மனு செய்த நாளிலிருந்தே தொகை கணக்கிடப்படும் என்பது 2020 நவம்பரில் வெளியான தீர்ப்பு. எனவே ஊதியச் சான்று, வங்கிக் கணக்கு, வருமான வரி விவரங்களைத் தொடக்கத்திலேயே திரட்டிவைப்பது அவசியம்.

இலவச உதவி: சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி (1987), வருமான வரம்பின்றி எல்லாப் பெண்களும் இலவச சட்ட உதவி பெறத் தகுதியுடையவர்கள். மாவட்ட நீதிமன்ற வளாகங்களில் உள்ள சட்டப் பணிகள் ஆணையத்தை இதற்காக அணுகலாம்.

ஆயினும் அடிப்படைக் கேள்வி அப்படியே இருக்கிறது. தில்லிவரை வழக்கு நடத்த வசதியுள்ளவருக்கு ஒரு தீர்வு, மாவட்ட நீதிமன்றத்தோடு நின்றுவிடுபவருக்கு வேறொரு தீர்வு என்ற நிலையை மாற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்திடமே உள்ளது. மனைவியின் வாழ்வாதாரத்துக்கு உறுதியளிக்காமல் அம்மாற்றத்தைக் கொண்டுவந்தால், 2013-இல் எழுந்த அதே ஆட்சேபங்கள் மீண்டும் எழும்.