பாடல் காணொளி எடிட்டிங்: உதட்டசைவு ஏன் பிசகுகிறது? கற்கத் தொடங்குவோர் அறிய வேண்டியவை

சந்தாபுரா (பெங்களூரு): நான்கு நிமிடப் பாடல் ஒன்றைக் கைப்பேசியில் படம்பிடித்துத் தாமே தொகுக்கத் தொடங்குவோர் பெரும்பாலும் ஒரே இடத்தில் திகைத்து நிற்கின்றனர். பல்லவியில் கச்சிதமாகப் பொருந்திய உதட்டசைவு, கடைசிச் சரணத்தை அடையும்போது குரலை விட்டு விலகிவிடுகிறது. தவறு தங்களுடையது என்று எண்ணி முயற்சியையே கைவிடுவோரும் உண்டு. உண்மையில் இது எளிய கணக்குப் பிழை.

ஓசூர் நெடுஞ்சாலையில் பொம்மசந்திரா தொழிற்பேட்டையை அடுத்துள்ள சந்தாபுரா போன்ற பகுதிகளில், பகலில் வேலைக்குச் சென்று இரவில் இக்கலையைக் கற்க விரும்பும் இளைஞருக்குக் கைப்பேசியே கேமரா. பல கைப்பேசிகள், வெளிச்சத்துக்கு ஏற்ப ஒரு வினாடிக்கு எடுக்கும் பிரேம்களின் எண்ணிக்கையைக் கூட்டியும் குறைத்தும் பதிவு செய்கின்றன. எடிட்டிங் மென்பொருளோ அந்த எண்ணிக்கை சீரானது எனக் கருதுகிறது. அதனால் காட்சி சிறிது சிறிதாக நழுவுகிறது. 30 பிரேமுக்கும் 29.97 பிரேமுக்கும் இடையிலான வேறுபாடுகூட நான்கு நிமிடத்தில் ஏறக்குறைய கால் வினாடியாக, அதாவது ஏழு பிரேம்களாக வளர்ந்துவிடும். தொகுக்கும் முன்பே 'ஹேண்ட்பிரேக்' போன்ற இலவச மென்பொருளில் காட்சிகளைச் சீரான பிரேம் வேகத்துக்கு மாற்றிக்கொள்வதே இதற்குத் தீர்வு.

பாடலே அடித்தளம்

திரைப்படக் காட்சியில் படத்தைப் பின்தொடர்ந்து இசை வரும். பாடல் காணொளியில் இந்த வரிசை தலைகீழ். முடிவான ஒலிப்பதிவை முதலில் டைம்லைனில் வைத்து, அதை அசைக்காமல் பூட்டிவிட வேண்டும். படப்பிடிப்பில் அதே பாடலை உரக்க ஒலிக்கவிட்டு, ஒவ்வொரு முறையும் தொடக்கத்தில் ஒரு கைத்தட்டலைப் பதிவு செய்வது நல்லது. கேமராவில் பதிவான ஒலி அலையை மூலப்பாடலின் அலையோடு பொருத்திய பின், கேமரா ஒலியை நீக்கிவிடலாம்.

பாடகர் மெதுவாக நடந்து வர, உதடுகள் மட்டும் பாடலோடு சரியாக இயங்குவதைப் பலரும் பார்த்திருப்பர். படப்பிடிப்பில் பாடலை இருமடங்கு வேகத்தில் ஒலிக்கவிட்டு, பாடகரும் அதே வேகத்தில் வாயசைக்க, வினாடிக்கு 50 பிரேம் வீதம் படமெடுக்கின்றனர். அதனை 25 பிரேமில் ஓட்டும்போது உடலசைவு மெதுவாகிறது. உதட்டசைவு இயல்பான பாடலோடு பொருந்துகிறது.

வெட்டு எங்கே விழ வேண்டும்?

நிமிடத்துக்கு 100 துடிப்பு கொண்ட பாடலில் ஒரு துடிப்பு 0.6 வினாடி. 25 பிரேம் வேகத்தில் அது சரியாக 15 பிரேம். எட்டுத் துடிப்பு கொண்ட ஒரு சுற்று 120 பிரேம். இக்கணக்கு கைவந்தால் வெட்டும் இடங்களை முன்கூட்டியே குறித்துக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு துடிப்பிலும் வெட்டினால் பார்ப்பவர் விரைவில் சலித்துவிடுவர். நடனக் கலைஞர் திரும்பும் அசைவிலோ, பாடகர் மூச்சு வாங்கும் இடத்திலோ விழும் வெட்டு கண்ணை உறுத்துவதில்லை. தாளத்துக்கு ஓரிரு பிரேம் முன்னதாக வெட்டிப் பார்ப்பதும் நல்ல பயிற்சி.

'காதலன்' (1994) படத்துக்காக பி.லெனின், வி.டி.விஜயன் ஆகியோரும், 'பம்பாய்' (1995) படத்துக்காக சுரேஷ் அர்ஸும் சிறந்த படத்தொகுப்புக்கான தேசிய விருது பெற்றனர். அப்படங்களின் பாடல்களை ஒலியை அணைத்துவிட்டு ஒருமுறை பார்த்து, வெட்டுகளை எண்ணிக் குறிப்பது கட்டணம் இல்லாத பாடம். 2011 நவம்பரில் வெளியாகி உலகெங்கும் பரவிய 'ஒய் திஸ் கொலவெறி டி' காணொளியில் வெளிநாட்டு இருப்பிடங்கள் இல்லை. ஒலிப்பதிவுக் கூடமும், பாடுவோரின் முகங்களும், சிரிப்பும்தான். செலவு செய்ய இயலாதோர் அதிலிருந்து தொடங்கலாம்.

மென்பொருளைப் பொறுத்தவரை 'டாவின்சி ரிசால்வ்' இலவசமாகவே கிடைத்தாலும் திறன்மிக்க கணினியைக் கோரும். பழைய கணினி உள்ளோருக்கு 'ஷாட்கட்', 'கேடென்லைவ்' போதுமானவை. முறையாகப் பயில விரும்புவோருக்குச் சென்னை தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசுத் திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்திலும், புனே திரைப்பட நிறுவனத்திலும் படத்தொகுப்புக்கெனத் தனிப் படிப்பு உள்ளது. பெருந்தொகை கேட்கும் குறுகிய காலப் பயிற்சிகளில் சேரும் முன், அங்கு பயின்றோர் தொகுத்த காணொளிகளைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது நல்லது.

உரிமை யாருடையது?

பல வார உழைப்பு ஒரே நாளில் வீணாவது இங்குதான். பிரபல திரைப்பாடலுக்குப் புதிதாகக் காட்சி சேர்த்து, 'உரிமை அனைத்தும் உரியவருக்கே' என்று எழுதிவிட்டால் அது அனுமதி ஆகாது. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, ஒலிப்பதிவின் மீதான உரிமை அது வெளியானதிலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கிறது. யூடியூபின் தானியங்கி முறை பாடலைக் கண்டறிந்தால், உரிமையாளர் காணொளியை முடக்கலாம் அல்லது விளம்பர வருவாயைத் தாமே எடுத்துக்கொள்ளலாம். நண்பர்கள் எழுதி, இசையமைத்துப் பாடிய பாடலாயினும் எழுத்துப்பூர்வ ஒப்புதல் பெற்றுவிடுவது பாதுகாப்பானது.

அகலத் திரைக்கான 16:9 அளவோடு, கைப்பேசிக்கான 9:16 அளவிலும் காணொளி தேவைப்படும் என்பதால், படப்பிடிப்பின்போதே பாடகரைச் சட்டகத்தின் நடுப்பகுதியில் நிறுத்திக்கொள்ள வேண்டும்.