கரிக்குழலும் கற்கண்டும்

கற்கண்டு செய்வோர் பாகினுள் நூலைக் கட்டிவைப்பது ஏன் என்று மாணவ நேயர்கள் என்றேனும் எண்ணியதுண்டா? கரைந்திருக்கும் சர்க்கரை படிகமாகத் தொடங்குவதற்கு ஒரு பற்றுக்கோடு வேண்டும். நூல் அதனை அளிக்கிறது. நான் இன்று சொல்லப்புகும் செய்தியும் ஒரு நூலைப் பற்றியதே. ஆனால் இந்நூல் கரியணுக்களால் ஆயது. தலைமயிரின் பருமனில் பல்லாயிரத்தில் ஒரு பங்கே இதன் பருமன்.

1991-ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர் சுமியோ ஈஜிமா, கரியணுக்களின் அறுகோண வலை குழலாகச் சுருண்டிருப்பதை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் கண்டு வெளியிட்டார். எஃகினும் உறுதி மிக்க இக்குழல்களைப் பிளாஸ்டிக்கில் கலந்து பயன்கொள்ளப் பலரும் முனைந்தனர்.

பாலிஎதிலீன் போன்ற பிளாஸ்டிக்கின் மூலக்கூறுகள் நெடுஞ்சங்கிலிகள். உருகிய நிலையில் சிக்குண்ட நூற்கண்டாய்க் கிடக்கும் அவை, குளிரும்போது மடிந்து அடுக்காகி, ஒரு பகுதி மட்டும் படிகமாகின்றன. பொருளின் விறைப்பு இப்படிகங்களைப் பெரிதும் பொறுத்தது. கரிக்குழலின் வழவழப்பான பரப்பில் பாலிஎதிலீன் சங்கிலிகள் குழலின் போக்கிலேயே படிகின்றன. அங்கிருந்து படிகத் தகடுகள், நூலில் கோத்த வட்டுகளைப் போலக் குறுக்காக வளர்கின்றன. ஆகவே, குளிரும் பிளாஸ்டிக் வழக்கத்தினும் சில டிகிரி முன்னதாகவே உறையத் தொடங்குகிறது.

இங்கே ஓர் இடர்ப்பாடு. குழல்கள் ஒன்றையொன்று பற்றிக் கட்டுக்கட்டாய்த் திரள்கின்றன. கட்டின் உட்புறம் பிளாஸ்டிக்கிற்கு எட்டுவதில்லை. இதற்கு மருந்தாக, அடர்ந்த கந்தகாமிலமும் நைட்ரிக் அமிலமும் கலந்த கலவையில் அவற்றை இடுவர். குழற்பரப்பில் கார்பாக்சில் தொகுதிகள் முளைக்கின்றன. குழல்கள் எளிதிற் பிரிகின்றன.

அமிலப் பக்குவம் கூடுந்தோறும் நன்மையும் கூடும் என்றே நானும் முதலில் எண்ணியிருந்தேன். அஃது அவ்வாறன்று. அமிலம் மிஞ்சினால் குழல்கள் துண்டாகின்றன. சங்கிலிகள் படிவதற்கு உதவிய ஒழுங்கான பரப்பும் சிதைகிறது. மேலும், பாலிஎதிலீனுக்குக் கார்பாக்சில் தொகுதியிடம் நாட்டம் குறைவு. நைலானுக்கோ நாட்டம் மிகுதி. ஹைடிரஜன் பிணைப்பால் அது குழலைப் பற்றிக்கொள்கிறது. ஆனால் பிடி இறுகினால் சங்கிலி அசைந்து அடுக்கில் வந்து சேர இயலாது; படிகம் விரைவில் தோன்றியும் மெதுவாக வளரலாம். தோன்றுதல் வேறு, வளர்தல் வேறு என்பதை மறத்தலாகாது.

இதனை அளந்தறிய, மாதிரியைச் சீராகக் குளிர்வித்து, அது வெளியிடும் வெப்பத்தைக் கணக்கிடுவர். வெப்பம் வெளிப்படத் தொடங்கும் டிகிரி, படிகம் எவ்வளவு எளிதில் தோன்றிற்று என்பதைக் காட்டும். மொத்த வெப்பம், எவ்வளவு படிகம் விளைந்தது என்பதைக் காட்டும். முன்னது உயர்ந்தும் பின்னது பெரிதும் மாறாதிருப்பதைப் பல சோதனைகளில் காணலாம்.