உங்களுக்குத் தெரியுமா? பழைய கார் வழியில் நின்றால்…

பழைய கார் நின்றுபோனதும் பாகம் வாங்கக் கடைக்கு ஓடாதீர்கள். கார்புரேட்டர் காலத்து வண்டிக்கு இரண்டே கேள்விகள்தான்: பிளக்கில் கரண்ட் வருகிறதா? கார்புரேட்டருக்குப் பெட்ரோல் வருகிறதா? ஒரு பிளக்கைக் கழற்றி, அதன் ஒயரை மறுபடி மாட்டி, பிளக்கின் உடலை எஞ்சின் இரும்பில் வைத்து செல்ஃப் அடித்துப் பாருங்கள். பிடிப்பது காய்ந்த துணியால் இருக்கட்டும், பக்கத்தில் பெட்ரோல் கசிவு கூடாது. பொறி நீலமாகத் தெறித்தால் மின்சாரப் பக்கம் அநேகமாகச் சரி. மஞ்சளாக மங்கினால் கோளாறு பெரும்பாலும் பாயிண்ட், கண்டென்சர், காயில் இவற்றுக்குள் இருக்கிறது. பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

அம்பாசடரின் பெட்ரோல் பம்ப்பில் ஈரத்துணி சுற்றுவது வெறும் பழக்கமல்ல, அதில் பௌதிகம் இருக்கிறது. அந்த பம்ப் சூடான எஞ்சினிலேயே பொருத்தப்பட்டது. பின்னாலிருக்கும் டேங்கிலிருந்து அது உறிஞ்சி இழுப்பதால் குழாய்க்குள் அழுத்தம் குறையும், பெட்ரோல் சீக்கிரம் ஆவியாகும். ஆவியை அந்த பம்ப்பால் தள்ள முடியாது. சித்திரை வெயிலில் வத்தலக்குண்டு சாலையில் அரைமணி நேரம் நின்றுவிட்டுத் தானாகவே ஸ்டார்ட் ஆகும் வண்டிக்குப் பெரும்பாலும் இதுதான் நோய். ஆனால் சூடான காயிலும் கண்டென்சரும் இதே வேஷம் போடும். அதனால்தான் முதலில் அந்த இரண்டு கேள்விகள்.

பாயிண்ட் இடைவெளி அம்பாசடரின் பழைய 1,489 சிசி எஞ்சினுக்கு 15 தௌ, அதாவது சுமார் 0.38 மில்லிமீட்டர். ஃபீலர் கேஜ் இருந்தால் வீட்டு வாசலிலேயே வைத்துவிடலாம். பாயிண்ட் அடிக்கடி கருகுகிறது என்றால் குற்றவாளி பெரும்பாலும் பாயிண்ட் அல்ல, கண்டென்சர்.

திண்டுக்கல்லில் ரேடியேட்டர் சீக்கிரம் அடைத்துக்கொள்வதற்கு நிலத்தடி நீர் ஒரு பெரிய காரணம். தோல் பதனிடும் தொழிலால் நகரைச் சுற்றி நிலத்தடி நீரில் உப்பு ஏறியிருப்பது ஆய்வுகளில் பலமுறை பதிவான விஷயம். அந்த போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால், சூடு ஏற ஏற உப்பு குழாய்களின் உட்சுவரில் படிந்து கல்லாகிறது. பிறகு எவ்வளவு பெரிய ஃபேன் போட்டாலும் எஞ்சின் குளிராது. ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கத் தண்ணீர் இதைவிட நல்லது. எல்லாவற்றிலும் நல்லது, பேட்டரிக்கு வாங்கும் காய்ச்சி வடித்த நீரும் கூலன்ட்டும் சரிபாதி. ஆண்டுக்கு ஒருமுறை அதற்குச் செலவிடும் சில நூறு ரூபாய், ஹெட் கேஸ்கட் செலவைத் தடுக்கும்.

ஓவர்ஹீட் என்றதும் யாரும் சந்தேகப்படாத பாகம் ரேடியேட்டர் மூடி. அதன் ஸ்பிரிங் பிரஷர் குக்கர் வெயிட் போலத்தான் வேலை செய்கிறது. சதுர அங்குலத்துக்கு 13 பவுண்டு அழுத்தம் காக்கும் மூடி இருந்தால் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் சுமார் 118 வரை தாங்கும். மூடியின் ரப்பர் காய்ந்து வெடித்திருந்தால் அந்தப் பாதுகாப்பு முழுதும் போயிற்று. எத்தனையோ பேர் மூடியைப் பார்க்காமலே ரேடியேட்டரையே மாற்றியிருக்கிறார்கள். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் 1990-களில் தன் கார்களுக்கு ரேடியேட்டர் மூடி வாங்கியது நம் சுந்தரம் ஃபாஸ்டனர்ஸிடம்! எஞ்சின் சூடாக இருக்கும்போது மூடியைத் தொடவே கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் அந்த நீராவி முகத்தில்தான் அடிக்கும்.

"நம்ம ஊர் வெயிலுக்கு தெர்மோஸ்டாட் எதுக்கு?" என்று கழற்றி எறிவது தவறு. எஞ்சின் தன் சரியான சூட்டுக்கு வர நேரமாகும், பெட்ரோல் அதிகம் குடிக்கும், சிலிண்டர் தேயும். சந்தேகமிருந்தால் கழற்றி ஒரு பாத்திரத் தண்ணீரில் போட்டு அடுப்பில் வையுங்கள். ஏறக்குறைய 82 டிகிரியில் வாய் திறந்தால் நல்லது, தண்ணீர் கொதித்தும் திறக்காவிட்டால் கெட்டது.

கொடைக்கானல் ஏறும்போது கார் இழுக்காமல் கரும்புகை விடுவது எஞ்சின் கெட்டதால் அல்ல. சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. கார்புரேட்டருக்கு அது தெரியாது, பெட்ரோலை வழக்கம்போலவே கலக்கிறது. மலையில் வைத்து ஸ்குரூவைத் திருகி டியூன் செய்தால், கீழே இறங்கியதும் கலவை மெலிந்து எஞ்சின் சூடாகும். அப்படியே விட்டுவிடுங்கள்.

ஏறுவதைவிட இறங்குவதே எனக்குக் கவலை. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் திரவம். டாட் 3 வகை புதிதாக இருக்கையில் 205 டிகிரிக்குக் குறையாமல் கொதிநிலை வேண்டும் என்பது தரவிதி. ஈரம் ஏறியபின் அது 140 வரை இறங்கலாம். தொடர்ந்து பிரேக் மிதித்து இறங்கும்போது அந்த ஆயில் கொதித்தால், பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளிலும் இதே ஆபத்து உண்டு. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றுங்கள். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள்.

சொந்தக் கையால் வேலை பார்க்க மிகவும் வசதியான கார் சென்னையில்தான் தயாரானது. 1961-இல் வந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டின் முன்பகுதி, பானெட்டும் மட்கார்டும் சேர்ந்து, மொத்தமாக முன்னோக்கிக் கவிழும். டயர்மேல் உட்கார்ந்தபடி எஞ்சினைப் பிரிக்கலாம். இன்றைய கார் வடிவமைப்பாளர்கள் ஒருமுறை பார்க்க வேண்டிய வண்டி.

இனி எரிபொருள் பக்கம். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காதபோது மதுரையின் டி.வி.எஸ். நிறுவனம், கரியை எரித்து வரும் வாயுவில் வண்டி ஓட்டும் கருவியைச் செய்து விற்றது.

2000 பிப்ரவரி முதல் நாடு முழுவதும் ஈயம் கலக்காத பெட்ரோல்தான். பழைய எஞ்சின்களின் எக்ஸாஸ்ட் வால்வு சீட்டை அந்த ஈயம்தான் காத்துவந்தது. அது இல்லாததால் சீட் தேய்ந்து, நாளடைவில் வால்வு இடைவெளி சுருங்குகிறது. ஹெட் பிரிக்கும்போது கடினமான சீட் வைத்துவிட்டால் தீர்ந்தது. இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வருகிறது. பழைய ரப்பர் ஹோஸ், கார்புரேட்டர் டயஃப்ரம் இவற்றை அது ஊறவைத்து இளக்கும். மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தினால் அது ஈரத்தையும் ஈர்க்கும். எத்தனால் தாங்கும் ஹோஸ் வாங்கி முழு வரிசையையும் மாற்றுவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. எஞ்சின் அறையில் பெட்ரோல் வாடை லேசாக அடித்தாலும் அந்த ஞாயிறுவரை காத்திருக்காதீர்கள்.

கார் கதவின் பூட்டு இறுகினால் எண்ணெய் விடாதீர்கள், தூசி சேர்ந்து பசையாகும். கிராஃபைட் தூள், அதாவது பென்சில் முனையின் தூள் போதும். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டுக்குச் சொந்தமான திண்டுக்கல்லில் இதைச் சொல்ல மகிழ்ச்சி.

ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் நுழையவே கூடாது. ஸ்டாண்ட் வைத்த பிறகுதான்.

அம்பாசடரும் மாருதி 800-ம் உற்பத்தி நின்றது ஒரே ஆண்டில், 2014-இல். ஆக, கடைசியாக வந்த வண்டிக்கும் 2029-இல் 15 வயது. அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆக உயர்ந்தது. 50 வயது தாண்டிய கார்களுக்கு 2021 விதிப்படி 'விஏ' எழுத்துகளோடு தனிப் பதிவு உண்டு, ஆனால் அந்தப் பதிவில் தினசரி ஓட்ட முடியாது. சேசிஸ், பாடி, எஞ்சின் பெரிய மாற்றமின்றி மூல வடிவில் இருக்க வேண்டும் என்றும் விதி கேட்கிறது. எனவே பழுது பார்க்கும்போது கழற்றும் அசல் பாகங்களைப் பழைய இரும்புக்குப் போடாமல், பெயர் எழுதிக் கட்டி எடுத்து வையுங்கள்.