'அழிந்துபோன' பறவை கேமராவில் சிக்கிய கதை! - நியூசிலாந்து கடலில் ஓர் ஆச்சர்யம்

2003, ஜனவரி 25. நியூசிலாந்தின் ஃபிட்டியாங்கா என்ற கடலோர ஊரிலிருந்து கடற்பறவைகளைப் பார்க்க ஒரு படகு கிளம்பியது. சாவ் சாவில், பிரென்ட் ஸ்டீஃபன்சன் உள்ளிட்ட பறவை ஆர்வலர்கள் அதில் இருந்தார்கள். அலைகளை உரசியபடி ஒரு சின்னஞ்சிறு கறுப்பு வெள்ளைப் பறவை பறக்க, கேமராக்கள் 'க்ளிக்' ஆயின.

படங்களை நிதானமாகப் பார்த்தபோதுதான் குழப்பமே ஆரம்பித்தது. பறவையின் வெள்ளை வயிற்றில் கறுப்புக் கோடுகள்! அப்படிப்பட்ட அடையாளம் கொண்டது 'நியூசிலாந்து ஸ்டார்ம் பெட்ரல்'. ஆனால், அந்தப் பறவை 100 ஆண்டுகளுக்கும் மேலாக யார் கண்ணிலும் படவில்லை. அழிந்துவிட்டதாகவே நம்பப்பட்டது. 19-ம் நூற்றாண்டில் பிடித்துப் பதப்படுத்திய மூன்று உடல்கள் மட்டுமே அருங்காட்சியகங்களில் இருந்தன.

நம்புவதா, வேண்டாமா?

'பார்த்தோம்' என்று வாயால் சொல்லியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். கையில் படம் இருந்ததால் பேச்சு தொடர்ந்தது. ஆனாலும், படம் எடுத்தவர்களே 'அதுவாக இருக்கலாம்' என்றுதான் அடக்கமாக எழுதினார்கள். ஒரேயொரு பறவையை வைத்து எப்படி முடிவு கட்டுவது?

அதற்கான பதில் அதே ஆண்டு நவம்பரில் கிடைத்தது. பாப் ஃப்ளட், பிரையன் தாமஸ் இருவரும் ஹவுராக்கி வளைகுடாவுக்குப் படகில் சென்று, மீன் துண்டுகளைக் கடலில் தூவிவிட்டுக் காத்திருந்தார்கள். ஸ்டார்ம் பெட்ரல்களுக்கு மோப்ப சக்தி அதிகம். வாசனை பிடித்து வந்தது ஒன்றிரண்டு அல்ல, பத்துக்கும் குறையாத பறவைகள்! அவற்றையும் படம் எடுத்தார்கள். சந்தேகம் தீர்ந்தது.

வீடு எங்கே?

பறவை உயிரோடு இருக்கிறது, சரி. எங்கே கூடு கட்டுகிறது? அது தெரியாமல் எப்படிப் பாதுகாப்பது? கடலில் வலைவீசிப் பிடித்த பறவைகளின் உடலில் குட்டி ரேடியோ கருவிகளைப் பொருத்தி, இரவில் சிக்னலைத் தேடி அலைந்தார்கள் ஆய்வாளர்கள். 2013-ல் விடை கிடைத்தது. ஆக்லாந்து நகரிலிருந்து சுமார் 80 கி.மீ தொலைவில் உள்ள ஹவுத்துரு தீவின் காட்டுக்குள் அவை முட்டையிட்டு வந்தன. நாட்டின் மிகப்பெரிய நகரத்துக்கு இவ்வளவு பக்கத்தில்!

அந்தத் தீவில் பறவைகளுக்கு எமனாக இருந்த பூனைகளை 1980-லும், எலிகளை 2004-லும் முழுமையாக ஒழித்திருந்தார்கள். இந்தப் பறவை அங்கே இருப்பது தெரியாமலேயே, அதன் வீட்டைக் காப்பாற்றியிருக்கிறார்கள்!

பறவைகளைப் படம் எடுப்பவரா நீங்கள்? 'என்ன பறவைன்னே தெரியலையே' என்று படத்தை டெலீட் செய்துவிடாதீர்கள். தேதியையும் இடத்தையும் குறித்து வைத்து, விவரம் தெரிந்தவர்களிடம் காட்டுங்கள். ஃபிட்டியாங்கா படகில் நடந்ததும் அதுதான்.